முதல் தண்ணீர்

எங்கள் சனத்துக்கு ஒரு பெண்பிள்ளை தனியாக நிற்பதைக் கண்டால் கை சும்மா இருக்காது. சாப்பாடு போடுவார்கள், சட்டை வாங்கிக் கொடுப்பார்கள், பிறகு "ஆற்றை பிள்ளை?", யாருடைய பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். ஊர் எது, தாய் எந்தக் குடும்பம், தகப்பன் பக்கம் யார் யார் என்று நூல் பிடித்துப் போய், எங்காவது ஒரு சொந்தத்தில் அவளைக் கொண்டுபோய்க் கட்டிவிடும் வரைக்கும் அவர்களுக்கு நித்திரை வராது. இதற்குப் பெயர் அன்பு. நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

என் வேலை நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், வளர்ப்பு வீடுகளிலிருந்து வெளியே வரும் பெண்பிள்ளைகளுக்குத் துணையாக நிற்பது. சொந்த வீட்டில் விட்டுவைக்க முடியாது என்று சின்ன வயதில் அரசாங்கம் எடுத்து, வேறு குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்த பிள்ளைகள் இவர்கள். பதினெட்டு வயது ஆனதும் ஒரு கேக் வெட்டி, உடுப்புகளைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டிக் கையில் கொடுத்து, நீ இனிப் பெரியவள், போய் வா என்பார்கள். கேக் சில வீடுகளில் மட்டும்தான். குப்பைப் பை எல்லா வீட்டிலும் உண்டு.

என்னிடம் வருகிறவர்களில் வெள்ளைத் தோல் அரிது. மாவோரிப் பிள்ளைகள், சமோவா, தொங்காப் பிள்ளைகள், இடைக்கிடை எங்கள் நிறத்தில் ஒருத்தி. இவர்களுக்கு நல்ல வீடு ஒன்றில் அறை பிடித்துக் கொடுக்க முடியாவிட்டால் அடுத்தது வீடில்லாதவர்களை அரசாங்கம் தங்கவைக்கிற மோட்டல். மோட்டலில் அவர்களுடைய கதவை யார் வந்து தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. அறை கிடைத்தவள் பிழைத்துக்கொள்கிறாள், மோட்டலுக்குப் போனவளை நான் பிறகு தேடித் திரிகிறேன். என் வேலையின் சுருக்கம் இவ்வளவுதான்.

நான் சொல்லப் போகிறவள் ஃபிஜி இந்தியப் பிள்ளை. அவளுடைய பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். வீட்டில் பேசியது ஹிந்தி, அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. என்னோடு பேசியதெல்லாம் இங்கிலீஷ், அதை என் தமிழில் தருகிறேன். தாய் செத்த பிறகு தாயின் தம்பி வீட்டில் இருந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை சந்தேகப்பட்டு வாய் திறந்ததால்தான் அந்த வீட்டிலிருந்து அவளை எடுத்தார்கள். அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. வாசிக்கிறவர்களுக்கு விளங்கும். விளங்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அறை சின்னதாக இருக்கலாம், பஸ் தூரமாக இருக்கலாம், சாப்பாடு உறைப்பாகவும் இருக்கலாம். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் இருக்கிற வீடு அந்த மாமாவுக்குத் தெரியக் கூடாது."

பதினெட்டு முடிந்ததும் அவனை அவளிடமிருந்து தள்ளி வைத்த பழைய நீதிமன்றக் கட்டளைகளும் அவளுக்கு முடிந்துவிட்டன. புதிதாக ஒன்று வாங்கலாம்தான். அதற்கு அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொருவர் முன்னால் சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே வீடு தெரியாமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த வேலி. அவன் இருந்தது நகரத்தின் தெற்கே, பாபடோயிட்டோயில். நான் நகரத்தின் மறுகோடியில், மாசி என்ற புறநகரில் தேடினேன்.

மாசியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா அகப்பட்டார். பிள்ளைகள் வேலைக்கென்று மெல்பேர்னுக்குப் போய்விட, அவரும் புருஷனும் பெரிய வீட்டில் ஆளுக்கொரு டீவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுஷி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனம் வராது.

குசினியில் அவர் அடுப்பில் போட்டுத் தந்த ரீயைக் குடித்தபடி அவரிடம் தெளிவாகச் சொன்னேன். "அக்கா, இந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரர் ஆரோடையும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆர் கேட்டாலும் இஞ்சை இருக்கிறாள் எண்டு சொல்லவே கூடாது."

"ஏன் பிள்ளை, கோபமோ?"

"கோபமெண்டால் பரவாயில்லையே. இது அதைவிடப் பெரிசு. அதுக்கு மேலை நான் சொல்லேலாது, அது அவளின்ரை கதை."

அக்கா பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டியதோடு நான் நம்பினேன். எங்கள் சனத்துக்குக் கோபம் என்றால் காணி எல்லையில் ஒரு பூவரசு, சீதனத்தில் ஒரு குறை, அதற்காக அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருப்பது. சொந்தத்துக்குள் அதைவிடப் பெரிதாக ஒன்று நடக்கும் என்பதை அவர்கள் மனம் எடுக்காது. அந்தக் கோபத்துக்கு எங்களிடம் ஒரு கைமருந்தும் இருக்கிறது. வீட்டில் ஒரு நல்ல காரியம் வந்தால் நாலு பேர் போய்க் கோபக்காரரைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். சபை நடுவே ஒரு கட்டிப்பிடி. எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். அத்தோடு கோபம் போய்விடும்.

அவள் வந்து சேர்ந்தாள். முதல் கிழமைகளில் படுக்கப் போகும்போது மேசைக் கதிரையைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைப்பாளாம். அக்கா என்னிடம் சொல்லிக் கவலைப்பட்டார். விடுங்கோ அக்கா என்றேன். ஜன்னலுக்கு அவளே போய் மஞ்சள் சீலை தெரிந்தெடுத்தாள். பக்கத்துப் பேக்கரியில் வேலை கிடைத்தது. பிறகு ஒருநாள் அக்கா போன் எடுத்து, கதிரை இப்போது மேசையடியிலேயே நிற்கிறது என்றார். அன்றைக்குக் காரை ஓரமாக நிறுத்தி வைத்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிற ஆள் நான் இல்லை.

அக்காவின் வீட்டில் மகளுடைய சாமத்திய வீட்டு ஆல்பம் ஒன்று உண்டு. பெரிய பிள்ளையானதைக் கொண்டாடிய விழாவின் படங்கள்: பல்லக்கு, புகை, தலை நிறையப் பூ, சினிமாவில் வருவதுபோல ஒரு நடை. அந்த ஆல்பத்தை அவள் ஓயாமல் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவளிடம் தன்னுடைய சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. வளர்ப்பு வீடு மாறும்போதெல்லாம் குப்பைப் பையில் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகும். படங்கள்தான் முதலில் போகும்.

அக்காவுக்கு நெஞ்சு உருகிவிட்டது. கோயிலில் கூட்டாளிமாரிடம் சொன்னார். அவர்களுக்கும் உருகியது. தாயில்லாப் பிள்ளைக்கு ஆரும் ஒன்றும் செய்யவில்லையாம், நாங்கள் செய்து வைப்பம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். செய்தி கேட்டு நான் நேரே போனேன்.

"பதினெட்டு முடிஞ்சவளுக்குச் சாமத்திய வீடோ? உங்களுக்கென்ன விசரோ?"

"லண்டனிலை எல்லாம் லேட்டாச் செய்யினம் பிள்ளை," என்றார் அக்கா. "அவளுக்கும் விருப்பம். கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். அவள் ஆல்பத்தை மூடாமலே சொன்னாள்: "எனக்கு வேணும். பூ வைத்து, சேலை கட்டி, எனக்கென்று படம் வேணும்."

உனக்கு வேண்டுமென்றால் சரி என்றேன். ஆனால் ஒன்றை விடவில்லை. மத்தியானம் சனத்துக்கு வாடகை ஹோலில் விழா; அதற்கு முன் காலையில் வீட்டில் பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். அதை யார் செய்வது என்று கேட்டேன்.

"என்ரை தம்பி வார்ப்பான். அதுக்கென்ன," என்றார் அக்கா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

தம்பி வார்ப்பார் என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். அந்தத் தம்பியை அவளுக்குப் பிடிக்கும். வாழைப்பழம் கொண்டு வந்து தருகிற, காது மந்தமான அப்பாவி மனிதர்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகப் பின்னால்தான் அறிந்தேன். அக்கா அவளோடு தோசை சுட்டபடி, அம்மா ஃபிஜியில் எந்த ஊர், தாத்தா என்ன வேலை செய்தார் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேச்சு வாக்கில் கேட்டிருக்கிறார். அவளும் சொல்லியிருக்கிறாள். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற அன்ரியை யார்தான் சந்தேகப்படுவார்கள்? பிறகு சேலை எடுக்கிற சாட்டில் கூட்டாளிமார் பாபடோயிட்டோய்க்குப் போய், ஃபிஜிக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் அந்த ஊரையும் குடும்பத்தையும் விசாரித்திருக்கிறார்கள். மிளகாய்த்தூள் நிறுத்து முடிவதற்குள் கடைக்காரர் ஆளைச் சொல்லிவிட்டார். அதிகாரிகள் ஆண்டுக்கணக்காக மூடி மறைத்துக் காப்பாற்றிய ஒன்றை எங்கள் பெண்கள் ஒரு சனிக்கிழமை சாமான் வாங்கப் போன இடத்தில் அவிழ்த்து எறிந்துவிட்டார்கள். கெட்டிக்காரிகள்.

சொந்த மாமன் இருக்க ஊரான் தண்ணீர் வார்ப்பதா என்று அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்கும் எனக்கும் இது 'சர்ப்ரைஸ்' ஆக இருக்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

அன்று காலை மோட்டர்வேயில் நெரிசல், நான் பிந்திப் போனேன். கராஜைக் கழுவித் துடைத்து, வாழை கட்டி, நிறைகுடம் வைத்திருந்தார்கள். போனிலிருந்து நாதஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது. நடுவில் பலகையில் அவள் இருந்தாள், சேலை நனைந்து உடம்போடு ஒட்டியபடி. பக்கத்தில் செம்போடு ஒரு புது ஆள் நின்றான். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் சந்தனம். கோயிலில் கண்டால் நான் எழுந்து இடம் கொடுத்திருப்பேன், அப்படி ஒரு மரியாதையான தோற்றம்.

அவள் அழவில்லை, கத்தவில்லை, எழுந்து ஓடவில்லை. தரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். பெண்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோ, என்ன அடக்கம்! எங்கடை பிள்ளையள் உப்பிடி இருக்குமே?"

"அக்கா, ஆர் அந்த ஆள்?" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். கண் கலங்கி, முகமெல்லாம் பூரிப்பு. "அவளின்ரை சொந்த மாமன்! கண்டு பிடிச்சிட்டம். சொன்ன உடனை மனுசன் அழுதிட்டார் பிள்ளை."

செம்பைப் பறித்து எறிந்தது நினைவிருக்கிறது. அது வீடியோக்காரரின் காலில் பட்டதும் நினைவிருக்கிறது. அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கூட்டிப் போய்க் கதவைப் பூட்டினேன். அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. அவன் முதலில் தலையில் பாலை வைத்தபோது அவள் படமெடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். பின்னாலிருந்த கை அக்காவின் தம்பியுடையது என்று நினைத்தாளாம். பிறகு அவன் குனிந்து, சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லி, எவ்வளவு பெரிதாகிவிட்டாய் என்று ஹிந்தியில் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். இருந்த இடத்திலேயே தனக்குச் சிறுநீர் போய்விட்டது, தண்ணீரோடு தண்ணீராகப் போனதால் ஒருவருக்கும் தெரியவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது ஏதோ தப்பித்துவிட்டவள்போலச் சொன்னாள்.

"இப்போது அவருக்கு வீடு தெரியும்," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெளியே போனேன். அவன் பதறவில்லை. கூப்பிட்டார்கள், வந்தேன், என் அக்காவின் பிள்ளைதானே என்று கையைக் கூப்பினான். தாய்மாமன் சீராகக் கொண்டு வந்த பட்டுச் சேலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகத் துவாயால் கையைத் துடைத்து, நிதானமாக நடந்து காரில் ஏறினான். அவனைப் பிடித்து வைக்க எனக்கு ஒரு சட்டமும் கையில் இல்லை. அன்றைக்கு ஒரு கல் இருந்திருந்தால் போதும்.

பெண்களிடம் இரண்டே வசனத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் கதையை அவளைக் கேட்காமல் சொன்னேன், வேறு வழி இருக்கவில்லை. நாதஸ்வரம் அலறிக்கொண்டே இருந்தது, யாருக்கும் போனைத் தொடத் தோன்றவில்லை. பிறகு தொடங்கினார்கள்.

"ஐயோ, அப்ப ஹோல்? சனம் வெளிக்கிட்டிருக்கும்."

"சாப்பாடு இந்நேரம் போயிருக்கும்."

"இரண்டு மணித்தியாலம் மேடையிலை வந்து இருந்தால் போதும்தானே? அந்த மனுசனை நாங்கள் வரவேண்டாம் எண்டு சொல்லுறம்."

"முதலே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே இந்தப் பிள்ளை. இப்ப எங்களுக்கெல்லோ அவமானம்."

கடைசியாகச் சொன்னவர் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். நல்ல குரல். இப்போதும் பாடுகிறார். அவர் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அக்கா மட்டும் வெளிறிப் போய் நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு, தலையில் இன்னும் அறுகம்புல் ஒட்டியிருக்க, வாசலில் வந்து நின்று அக்காவிடம் கேட்டாள்.

"அன்ரி, அவர் உள்ளே வந்தாரா?"

கேள்வியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அக்கா தடுமாறியபடி தமிழிலேயே பதில் சொன்னார். "விடிய வெள்ளனவே வந்திட்டார் மேனை. நீ என்ரை அறையிலை சேலை கட்டிக்கொண்டு இருந்தனி. எந்த அறை எண்டு கேட்டவர், காட்டினனான். ஜன்னலிலை மஞ்சள் சீலையைப் பாத்திட்டு, நல்ல வடிவா வைச்சிருக்கிறாள் எண்டு சந்தோசப்பட்டவர்."

இதை நான்தான் அவளுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களில் இதைப் போல ஒன்று இல்லை.

அவள் அறைக்குப் போனாள். நான் பெட்டி ஒன்று தேட, அக்கா அலுமாரியிலிருந்து மகளுடைய பெட்டியை எடுத்து வந்தார். அவள் அதைத் தொடவில்லை. குசினி இழுப்பறையைத் திறந்து கறுப்புக் குப்பைப் பையை உருவி எடுத்தாள். எங்கே இருக்கிறதென்று தெரிந்து வைத்திருந்தாள்.

ஹோலில் விழா நடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மைக்கில் சொன்னார்களாம். சனம் வடையும் பாயசமும் சாப்பிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனது.

மாசிக்குப் பதிலாக வேறொரு வீடு தேடினேன். கிடைக்கவில்லை. யார் வீடென்றாலும் சரி, தமிழ் வீடு வேண்டாம் என்றாள். எனக்கு அதில் கோபப்பட ஒரு உரிமையும் இல்லை. கடைசியில் மோட்டல்தான். பெரிய ரோட்டோரம், கீழ்மாடி அறை, சுவரில் பூஞ்சணம். பேக்கரி வேலை தூரத்தால் போய்விட்டது. பக்கத்து அறைக்காரர்கள் அவள் வந்த கிழமையே அவளுக்குக் கூட்டாளிகளாகிவிட்டார்கள். அந்தக் கூட்டாளித்தனம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சில வாரங்கள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு ஆல்பத்தைத் தந்தார். வீடியோக்காரர் காலையில் எடுத்த படங்களை மட்டும் போட்டுச் செய்திருந்தார். அட்டையில் தங்க எழுத்து. எறிய மனம் வரவில்லை, அவளுக்கென்று செய்தது, கொண்டுபோய்க் கொடுங்கோ என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்த மனுசன் வந்தவர் பிள்ளை. அவள் எங்கை எண்டு கேட்டு. எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப் போட்டன்."

"வீட்டுக்குள்ளை விட்டனீங்களோ?"

"வாசலுக்கு வந்த மனுசனை எப்பிடி நிக்க வைச்சு அனுப்பிறது? ஒரு ரீ குடுத்தனான். அவ்வளவுதான்."

நான் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். பேசத் தொடங்கியிருந்தால் அந்த வீட்டின் கண்ணாடி ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அவளிடம் கொடுப்பதா என்று காருக்குள் இருந்து யோசித்தேன். பிறகு, அவளுடைய படம், அவள்தான் சொல்ல வேண்டும் என்று கொடுத்தேன். மோட்டல் கட்டிலில் இருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். சேலை கட்டிவிடுகிற படங்களில் அவள் முகம் மறைந்திருந்தது. பலகைக்கு வந்த பிறகு எல்லாப் படத்திலும் தலை குனிந்திருந்தாள். ஒன்றே ஒன்றில்தான் நிமிர்ந்து நேரே பார்த்துச் சிரிக்கிறாள். தலை நிறையப் பூ. கேட்டுப் பெற்ற படம் அதுதான். அழகாக இருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பூவின் மேல், அவள் உச்சந்தலையில், பாலும் அறுகும் வைத்தபடி அவனுடைய கை.

"கத்தரிக்கோல் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

கைப்பையில் சின்னது ஒன்று இருந்தது. மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல வெட்டினாள். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. விரல்கள் பூவுக்குள் புதைந்திருந்தன. பூவும் போனது, உச்சியும் போனது, நெற்றியில் பொட்டு வரைக்கும் போனது. மிச்சமிருந்தது இரண்டு கண்களும் சிரிப்பும். அதைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அவர் திரும்பி அங்கே வந்தாரா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். இவளுக்குப் பொய் சொன்னவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

"வந்தார்."

"அன்ரி என்ன செய்தார்?"

"ரீ கொடுத்தார்."

அவள் சிரித்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு இல்லை. சிரித்து முடித்ததும் எழுந்து போய், பூட்டியிருந்த கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். பிறகு அறையில் இருந்த ஒரே கதிரையிலிருந்து என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.